அரை ஏக்கர் சோலார் இறைப்புத் தொகுதி: கிணற்றை அளந்த பிறகு வாங்குங்கள்

தலா 300 வாட் அளவில் இரண்டு சோலார் பனல், அரைக் குதிரைவலு நீர்மூழ்கி மோட்டர், ஒரு கொன்ட்ரோலர் பெட்டி, ஒரு அங்குல பில்டர், 16 மில்லிமீற்றர் சொட்டுநீர்க் குழாய், 1,000 லீற்றர் தாங்கி. வன்னியில் அரை ஏக்கர் தோட்டத்துக்கென்று விற்கப்படுகிற சோலார் இறைப்புத் தொகுதியைப் பிரித்துப் பார்த்தால் ஏறத்தாழ இவைதான் இருக்கும். பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயர் மாறினாலும் உள்ளே இருக்கும் சாமான் பெரிதாக மாறுவதில்லை. அதனால் இங்கே மதிப்பிடுவது ஒரு நிறுவனத்தை அல்ல, இந்த வகைத் தொகுதியை.

மோட்டரும் பனலும் காசு கொடுத்து வாங்கத் தகுந்தவை. பில்டர் போதாது. தாங்கி தேவையில்லை. ஒரு வால்வு தருகிற இடத்தில் நான்கு வேண்டும். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முதல் பார்க்கவேண்டியது கிணறு. கிணறு ஊறாத தோட்டத்தில் எவ்வளவு நல்ல தொகுதியைப் பூட்டினாலும் ஆவணியில் மிளகாய் வாடத்தான் செய்யும்.

வன்னியின் மழையில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். வைகாசிக்குப் பிறகு சோழகக் காற்று நிலத்தை உறிஞ்சுகிற மூன்று நான்கு மாதமும் மேட்டுநிலப் பயிர் முழுக்கக் கிணற்றுத் தண்ணீரில்தான் நிற்கிறது. அந்தத் தண்ணீரை மேலே ஏற்ற மண்ணெண்ணெய் மிசினைத் தவிர வேறு வழியில்லாதவர்கள் 2022இல் பட்ட பாடு மறக்கக்கூடியதல்ல. முதலில் எண்ணெய் கிடைக்கவில்லை. பிறகு அந்த ஆண்டு ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவாக இருந்தது ஒரே அடியாக 340 ரூபா ஆனது. பருவம் பிழைக்கும்போது எண்ணெயும் சேர்ந்து பிழைத்தால் சிறு தோட்டக்காரரால் தாங்க முடியாது. இந்தத் தொகுதி அந்த இரண்டில் ஒன்றையாவது இல்லாமல் ஆக்குகிறது.

இனிக் கிணற்றுக்கு வருவோம். 12 அடி விட்டமுள்ள கட்டுக்கிணற்றில் ஓர் அடி உயரத் தண்ணீர் என்பது ஏறத்தாழ 3,200 லீற்றர். வரட்சி உச்சத்தில் நாளொன்றுக்கு ஐந்தரை மில்லிமீற்றர் அளவு தண்ணீர் பயிராலும் மண்ணாலும் போகும். அரை ஏக்கருக்கு, அதாவது எட்டுப் பரப்புக்கு, அது நாளுக்கு 11,000 லீற்றர். சொட்டுநீரில் அதில் பெரும்பங்கு பயிருக்கே போய்ச்சேரும் என்பதால் நாளுக்கு மூன்றரை அடி இறைத்தால் போதும். வாய்க்கால் வெட்டிப் பாத்தி கட்டினால் பாதியளவு வழியிலும் வேருக்குக் கீழேயும் போய்விடும். ஆகவே 20,000 லீற்றர், ஆறடிக்கு மேல் வேண்டும். தொகுதியின் உண்மையான பலன் இந்த இரண்டு அளவுக்கும் இடையிலுள்ள இரண்டே முக்கால் அடியில் இருக்கிறது.

சோதனை சுலபம், காசும் இல்லை. ஆடி கடைசியில் அல்லது ஆவணியில், பின்னேரம் இரவல் மிசின் ஒன்றைப் பூட்டி நீர்மட்டத்தை நான்கடி இறக்குங்கள். முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி, இறைக்கும் முன்னும் பின்னும் கிணற்றுக் கட்டின் விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை அளந்து எழுதிவையுங்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு மறுபடி அளந்து பாருங்கள். மூன்றரை அடி ஊறியிருந்தால் அரை ஏக்கருக்குக் கிணறு காணும். இரண்டடிதான் என்றால் நாலரைப் பரப்புக்கு மேல் ஆசைப்படவேண்டாம். ஒரு நாளோடு விடாமல் மூன்று நாள் தொடர்ந்து செய்யவேண்டும். முதல்நாள் நன்றாக ஊறிவிட்டு மூன்றாம் நாள் கைவிடுகிற கிணறுகள் வவுனியாப் பக்கத்துக் கருங்கல் நிலத்தில் உண்டு. அங்கே பாறைக்கு மேலுள்ள உக்கிய மண்படையில்தான் தண்ணீர் தேங்கி நிற்கிறது. குளத்துக்குக் கீழே இருக்கிற கிணறு பிந்தியே வற்றும் என்று ஊரில் சொல்வதும் குளத்து நீர் அந்தப் படைக்குள் கசிந்து வருவதால்தான். உங்கள் கிணறு அப்படிப்பட்டதென்றால் சோதனையைக் குளம் வற்றிய பிறகு செய்யுங்கள். பங்குனியில் அளந்துவிட்டு வாங்குவது ஏமாற்றத்துக்கு வழி.

மோட்டரைப் பொறுத்தவரை கணக்கு சரியாக வருகிறது. கிணற்றில் இருந்து 9 மீற்றர் மேலே ஏற்றி, குழாயில் 7 மீற்றர் அழுத்தம் வைத்து, வழியில் போகும் உராய்வையும் சேர்த்தால் மொத்தம் 20 மீற்றர். அந்த உயரத்துக்கு மணிக்கு 3,000 லீற்றர் தள்ள 350, 360 வாட் போதும். அரைக் குதிரைவலு மோட்டர் அதைச் செய்யும். வாங்கும்போது பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் அதிகபட்ச உயரத்தையும் அதிகபட்ச ஓட்டத்தையும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அந்த இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. எந்த உயரத்துக்கு எவ்வளவு ஓட்டம் என்று காட்டும் வளைகோட்டுப் படத்தைக் கேட்டு வாங்கி, 20 மீற்றருக்கு நேரே எத்தனை லீற்றர் என்று பாருங்கள். திருகுச்சுரை வகை மோட்டர் ஆழமான குழாய்க் கிணற்றுக்கு உரியது. அதன் உள்ளே இருக்கும் றப்பரை மணல் தின்றுவிடும், தண்ணீர் இல்லாமல் சில நிமிடம் ஓடினாலே கருகிவிடும். இருபது முப்பது அடிக் கட்டுக்கிணற்றுக்கு விசிறி வகையே நல்லது.

பூட்டும்போது நடக்கும் பிழைகள் பெரும்பாலும் வயரில்தான். இரண்டு பனலுக்குப் பதிலாக "புது மொடல், 550 வாட், ஒன்றே போதும்" என்று ஒரே பனலைத் தருவதுண்டு. வாட் போதும், ஆனால் வோல்டேஜ் போதாது. அப்படிப்பட்ட ஒரு பனல் வேலை செய்யும்போது 41, 42 வோல்ட்தான் தரும். 48 வோல்ட் மோட்டரின் கொன்ட்ரோலருக்குப் பொதுவாக 60 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். விளைவு, மதியம் ஒரு மணிநேரம் மட்டும் இழுத்து இழுத்து ஓடும் மோட்டர். இரண்டு சிறிய பனலைத் தொடராக இணைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. கொன்ட்ரோலரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் துண்டில் குறைந்த வோல்ட், கூடிய வோல்ட் இரண்டும் எழுதியிருக்கும். பனலின் பின்பக்கத் துண்டோடு அதை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

பனலுக்கும் கிணற்றுக்கும் 30 மீற்றர் தூரமிருந்தால் 4 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் வேண்டும். வீட்டு வேலையில் மிஞ்சிய 1.5 வயரைப் போட்டால் பத்தில் ஒரு பங்கு வலு வயரைச் சூடாக்கியே போய்விடும். தண்ணீருக்குள் இருக்கும் வயர் மூட்டைச் சாதாரண கறுப்பு ரேப்பால் சுற்றுவது அடுத்த மாரிக்கே மோட்டரைக் கழற்ற வைக்கும். சூட்டில் சுருங்கும் உறை போட்டு, உள்ளே பசை உருகி வெளியே பிதுங்குவதைக் கண்ணால் கண்ட பிறகே இறக்கவேண்டும். மோட்டரைத் தாங்குவது நைலோன் கயிறாக இருக்கவேண்டும், வயரில் பாரம் விழக்கூடாது. அடியில் இருந்து இரண்டடி மேலே நிற்கட்டும். தண்ணீர் வற்றினால் நிறுத்தும் சென்சர் தொகுதியோடு வரும். பூட்ட வருகிறவர் அவசரத்தில் அதன் இரண்டு முனைகளையும் ஒன்றாக முறுக்கிவிட்டுப் போவதுண்டு. மோட்டருக்கு ஒரு முழம் மேலே சென்சரைக் கட்டி, வாளிக்குள் வைத்து ஒருமுறை வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பனலைத் தெற்குப் பார்த்து 10 முதல் 15 பாகை சரிவில் வைத்தால் போதும். வன்னி 9 பாகை அகலாங்கில் இருக்கிறது. தட்டையாக வைத்தால் தூசும் பறவை எச்சமும் மழையில் வடியாமல் கீழ் ஓரத்தில் படிந்துவிடும். பனையோலை ஒன்றின் நிழல் மூலையில் விழுந்தாலே அந்தப் பனலின் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்பதால் காலை ஒன்பது, மதியம், மூன்று மணி என மூன்று வேளையும் நிழல் எங்கே விழுகிறது என்று குச்சி நட்டுப் பாருங்கள்.

தாங்கி விசயத்தில் கடைக்காரரோடு ஒத்துப்போக முடியவில்லை. ஒரு நாள் தேவையின் பதினொன்றில் ஒரு பங்குதான் அதில் கொள்ளும். ஆறடி மேடையில் வைத்தாலும் கிடைக்கும் அழுத்தம் 0.2 பார் அளவு (ஒரு பார் என்பது ஏறத்தாழ 10 மீற்றர் நீர் உயரம்). ஒரு பாரில் மணிக்கு 2 லீற்றர் சொட்டுகிற டிரிப்பர், அதாவது குழாயில் தண்ணீர் சொட்டும் வாய், அந்த அழுத்தத்தில் 0.9 லீற்றர்தான் சொட்டும், வரிசையின் கடைசிக்கு அதுவும் குறையும். தாங்கிக்கும் மேடைக்கும் போகிற காசில் நல்ல பில்டர், மூன்று வால்வு, இரண்டு அழுத்தமானி வாங்கிவிடலாம். தண்ணீரில் இரும்பு இருந்து செம்மஞ்சளாகப் படிகிற கிணறு மட்டும் விதிவிலக்கு. அங்கே தண்ணீரைத் தாங்கியில் உயரத்திலிருந்து விழவிட்டுக் காற்றுப் பட வைத்து, அடையவிட்டு எடுக்கத்தான் வேண்டும்.

வால்வு ஏன் நான்கு? 45 மீற்றர் சதுரத் தோட்டத்தில் இரட்டை வரிசை மிளகாய்க்கு ஒரு குழாய் என்று 1.2 மீற்றர் இடைவெளியில் போட்டால் 37 வரிசை, ஏறத்தாழ 1,665 மீற்றர் குழாய் போகும். 30 சென்ரிமீற்றருக்கு ஒரு டிரிப்பர் என்றால் 5,550 டிரிப்பர். எல்லாம் ஒரே நேரத்தில் திறந்தால் மணிக்கு 11,000 லீற்றருக்கு மேல் வேண்டும். மோட்டர் தருவதோ 3,000. ஒரே வால்வோடு பூட்டிக் கொடுத்த தோட்டத்தில் கிணற்றுப் பக்கம் சேறாகவும் எல்லைப்பக்கம் காய்ந்தும் கிடப்பது இதனால்தான். ஒன்பது பத்து வரிசைக்கு ஒரு வால்வு வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு மணிநேரம் திறந்தால் நாளின் தேவை நான்கு மணிநேரத்தில் முடிந்துவிடும். காலை ஒன்பதரைக்கும் பின்னேரம் இரண்டரைக்கும் இடையில், வெயில் உறைக்கிற நேரத்திலேயே அதை முடிக்கவேண்டும். ஏழு மணிக்குத் திறந்தால் அழுத்தம் ஏறாது, சொட்டு ஒருசீராக விழாது.

இரட்டை வரிசைக்கு ஒரு குழாய் என்பது செங்கபில மண்ணுக்குச் சரி. முல்லைத்தீவுக் கரையோர மணலில் சரிவராது. அங்கே தண்ணீர் பக்கவாட்டில் ஒரு சாணுக்கு மேல் பரவாமல் நேரே கீழே இறங்கிவிடும். குழாய் வாங்குவதற்கு முன் ஒரு டிரிப்பரை ஒரு மணிநேரம் சொட்டவிட்டு, அந்த இடத்தை மண்வெட்டியால் நெடுக்காக வெட்டிப் பாருங்கள். ஈரம் வெங்காயம் போலப் பக்கத்துக்கு விரிந்திருந்தால் இரட்டை வரிசை. கரட் போல ஒடுங்கிக் கீழே போயிருந்தால் வரிசைக்கு ஒரு குழாய் போட்டு, ஒரு மணிநேரத்தை இரண்டு அரை மணிநேரமாகப் பிரியுங்கள்.

குழாயின் தடிப்பைக் கேட்காமல் விலையை மட்டும் கேட்பது அடுத்த பிழை. கால் மில்லிமீற்றருக்குக் குறைந்த மெல்லிய நாடாக் குழாய் இரண்டு மூன்று போகத்தோடு கிழியும். ஒரு மில்லிமீற்றர் அளவிலானது கூடுதலாக உழைக்கும். பிரதான பைப் எஸ்.எல்.எஸ். 147 என்ற இலங்கைத் தரக் குறியுள்ள பீ.வீ.சீ. ஆக இருக்கட்டும். அதை ஒன்றரை அடி ஆழத்தில் புதைக்கவேண்டும். வெயிலில் கிடந்தால் நொறுங்கும்.

தொகுதியோடு வரும் பில்டர் வெறும் வலை. அதற்குப் பதிலாக 120 மெஷ் (வடிகட்டும் நுண்மையின் அளவு) தட்டு வகை பில்டர், ஒன்றேகால் அங்குலத்தில் வாங்குங்கள். அதன் இருபக்கமும் அழுத்தமானி வையுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அரைப் பாரைத் தொட்டால் கழுவும் நேரம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குழாயின் கடைசியிலும் மடித்துச் செருகியிருக்கும் எட்டுவடிவ வளையத்தைக் கழற்றி ஓடவிடுங்கள். முதலில் கஞ்சித்தண்ணீர் போலக் கபில நிறத்தில் வழுவழுப்பாக வரும், அரை நிமிடத்தில் தெளியும். தெளிந்த பிறகே மடிக்கவேண்டும்.

கேத்தலில் வெள்ளைப் பொருக்குப் பிடிக்கிற தண்ணீர் என்றால் அதே பொருக்கு டிரிப்பருக்குள்ளும் பிடிக்கும். சுண்ணக்கல் நிலமுள்ள மன்னார்ப் பக்கத்தில் இதை எதிர்பார்த்தே தொடங்கவேண்டும். அறுவடை முடிந்து பயிர் இல்லாத நேரத்தில் 33 வீத ஐதரோக்குளோரிக் அமிலத்தை, ஆயிரம் லீற்றர் தண்ணீருக்கு ஆறு லீற்றர் என்ற அளவில், மோட்டருக்கும் பில்டருக்கும் பிறகு பூட்டிய, ஓடும் தண்ணீரே திரவத்தை உறிஞ்சிக் கலக்கிற வெஞ்சுரிக் குழாய் வழியாகப் பத்து நிமிடம் விடுவது வழக்கமான முறை. ஒரு வால்வுப் பகுதியில் பத்து நிமிடத்தில் ஏறத்தாழ 460 லீற்றர் ஓடும். அதற்கு 2.8 லீற்றர் அமிலம் போதும். பிறகு ஒரு மணிநேரம் நல்ல தண்ணீர் ஓடட்டும். கலக்கும்போது தண்ணீருக்குள் அமிலத்தை ஊற்றவேண்டும். அமிலத்துக்குள் தண்ணீரை ஊற்றினால் தெறித்து முகத்தில் அடிக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவேண்டாம், பிள்ளைகளைக் கிட்ட விடவேண்டாம்.

பசளையில் ஒரு விடயம். யூரியாவும் எம்.ஓ.பி. என்ற பொட்டாசியப் பசளையும் தண்ணீரில் கரையும், குழாய் வழியே விடலாம். டி.எஸ்.பி. என்ற பொசுபரசுப் பசளை முழுதாகக் கரையாது, டிரிப்பரை அடைத்துவிடும். அதை அடிக்கட்டுப் பசளையாக மண்ணில் இடுங்கள். சிவப்பு எம்.ஓ.பி.யை முதல்நாள் ஊறவைத்துத் துணியால் வடித்த பிறகே விடவேண்டும். பசளை முடிந்ததும் கால்மணிநேரம் வெறும் தண்ணீர்.

பூநகரி, மன்னார்க் கரை போன்ற உவர்த் தண்ணீர் இடங்களில் சொட்டுநீர் உப்பை ஈரத்தின் விளிம்புக்குத் தள்ளி வைத்திருக்கும். முதல் மழைத்தூறல் அந்த உப்பைத் திரும்ப வேருக்குக் கழுவிக்கொண்டு வரும். ஆகவே புரட்டாதி, ஐப்பசியில் முதல் தூறல் விழும்போது மோட்டரை நிறுத்தாமல் ஓடவிடவேண்டும். கேட்கப் புதினமாக இருக்கும், ஆனால் அந்த ஒருநாள் தவறினால் காய்த்து நிற்கிற கன்று மஞ்சளிக்கும்.

மிளகாய், கத்தரி, பயிற்றை, பப்பாசி, வத்தகை, கொடித்தோடைக்கு இந்தத் தொகுதி நன்றாகப் பொருந்தும். சின்ன வெங்காயத்துக்கும் கச்சானுக்கும் வேண்டாம். அவ்வளவு நெருக்கமாக நடுகிற பயிருக்குத் தூவல் முறைதான் சரி, அதற்கு வேறு மோட்டர் கணக்கு. நெல்லைப் பற்றிக் கேட்கவே தேவையில்லை.

அணிலும் முள்ளம்பன்றியும் தண்ணீர் தேடிக் குழாயைக் கடிக்கும். தோட்டத்து மூலைகளில் அகலச் சட்டி வைத்துத் தண்ணீர் ஊற்றி வைத்தால் கடி குறையும். குழாய் இணைக்கும் மூட்டுகள் குறைந்தது ஐம்பது கையிருப்பில் இருக்கட்டும். யானை வருகிற எல்லைக் கிராமங்களில் குழாயை வேலிக்கு வெளியே ஓர் அடிகூடக் கொண்டுபோகாதீர்கள்.

மாரி தொடங்க முதல் குழாய்களைச் சுருட்டி, கடைசி முனைகளில் துணி அடைத்து, எலி ஏறாத இடத்தில் தொங்கவிடவேண்டும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியபோது நீர் எவ்வளவு வேகமாக ஏறும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. கொன்ட்ரோலர் பெட்டி உங்கள் காணியில் அன்று ஏறிய மட்டத்துக்கு இரண்டடி மேலே இருக்கவேண்டும். ஐப்பசி இடிமழைக்காலத்தில் மின்னல்தான் கொன்ட்ரோலரின் முதல் எதிரி. பனல் சட்டத்துக்கு நிலத்தொடுப்புக் கம்பி அடித்து, இடி தொடங்க முன்பே இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

காசுக்கணக்கு வெளிப்படையாகவே சொல்லவேண்டும். அரை ஏக்கரை மண்ணெண்ணெய் மிசினால் ஒரு சிறுபோகம் இறைக்க ஏறத்தாழ 100 லீற்றர் போகும். 87 ரூபா விலையில் அது 8,700 ரூபா, 340 ரூபா விலையில் 34,000 ரூபா. தொகுதியின் விலை இதைவிடப் பல மடங்கு. ஆகவே ஆண்டுக்கு ஒரு போகம் மட்டும் செய்து, எண்ணெய்ச் செலவு மிச்சத்தை மட்டும் நம்பினால் போட்ட முதல் திரும்பி வர நெடுங்காலம் எடுக்கும். பப்பாசி, கொடித்தோடை போல ஆண்டு முழுக்க நிற்கிற பயிரையோ, மாசியில் ஒன்றும் ஆனியில் ஒன்றுமாக இரண்டு தரம் மரக்கறியையோ வைத்தால்தான் கணக்கு நேராகும். கடன் எடுத்து வாங்குகிறவர்கள் முதல் அறுவடை விற்ற பிறகு தவணை தொடங்கும்படி பேசுங்கள். மூன்றாம் மாதமே தவணை என்றால் மிளகாய் பழுக்க முன் நகை அடகுக்குப் போகும்.

மானியத்தில் கொடுக்கிற திட்டங்களும் இதே தொகுதியைத்தான் கொடுக்கின்றன என்றால், பொருளோடு சேர்த்து அந்தப் பிரிவில் இரண்டு இளைஞர்களுக்குப் பில்டர் கழற்ற, வயர் மூட்டுப் போட, கொன்ட்ரோலர் சோதிக்கப் பழக்கிவிடவேண்டும். ஐம்பது தோட்டத்துக்கு ஒருவர் மோட்டார் சைக்கிளில் சுற்றினால் அது அவருக்கும் ஒரு தொழில். அப்படி ஆள் இல்லாத ஊரில் சின்ன மூட்டுப் பழுதுக்கே முழுத் தொகுதியும் கொட்டிலுக்குப் போய்விடுகிறது.

வாங்குகிற நாளில் பில்லில் இவ்வளவும் எழுதுவித்துக்கொள்ளுங்கள்: மோட்டர், கொன்ட்ரோலர், பனல் மூன்றுக்கும் தனித்தனி உத்தரவாதக் காலம், பழுதென்றால் எத்தனை நாளில் ஆள் வருவார், திருத்தும்வரை மாற்று மோட்டர் தருவார்களா, இல்லையா. பூட்டி முடித்ததும் ஒரே அளவான 16 கோப்பைகளைத் தோட்டத்தின் நான்கு மூலையிலும் நடுவிலுமாக டிரிப்பருக்குக் கீழே வைத்து, அந்தந்தப் பகுதி வால்வு திறந்திருக்கும்போது கால்மணிநேரம் ஓடவிடுங்கள். ஒவ்வொன்றிலும் அரை லீற்றருக்குக் கிட்ட இருக்கவேண்டும். மிகக் குறைந்த நான்கு கோப்பையின் சராசரி, மொத்தச் சராசரியின் 85 வீதத்துக்குக் கீழே இருந்தால் மிச்சக் காசைக் கொடுக்காமல் சரிபார்க்கச் சொல்லுங்கள்.